கோடு விழாத புல்வெட்டி

டெரன்ஸ் லட்கினுக்குச் சொந்தமாக ஒரு சாண் புல்தரைகூடக் கிடையாது. முப்பத்தெட்டு வருஷமாகப் புல்வெட்டும் மெஷின்களை வரைந்து வயிறு வளர்த்த மனிதர், குடியிருந்தது என்னவோ மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்கிற கடைக்கு மேல் மாடியில். ஜன்னலோரத் தொட்டியில் கொஞ்சம் பார்ஸ்லிக் கீரை வைத்திருந்தார். அதைக் கத்தரிக்கோலால் வெட்டுவார். "உங்க வீட்டுத் தோட்டத்துக்கு என்ன மெஷின் வெச்சிருக்கீங்க?" என்று யாராவது கேட்டுவிட்டால் பேச்சை மழைப் பக்கம் திருப்பிவிடுவார். தோர்னிங்ஹாம் என்கிற அந்த இங்கிலாந்து ஊரில் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அரைமணி நேரத்துக்குக் கவலையில்லை.

புல்வெட்டி ஆலையில் சேர்ந்த புதிதில் அவருக்குக் கொடுத்த வேலை, கைப்பிடிக்குப் போடுகிற ரப்பர் உறையை வரைவது. ரெண்டு வருஷம் அதையே வரைந்தார். அதையும் ரசித்து வரைந்தார் என்பதுதான் விசேஷம். நடுவில் கல்யாணம் ஒன்று நடந்தது. அந்த அம்மாள் ஆறு வருஷம் ரப்பர் உறையின் பெருமைகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒரு பல் டாக்டரோடு போய்விட்டார். டெரன்ஸ் இதுவரை அவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. "நல்ல பல் டாக்டர்," என்று மட்டும் சொல்வார்.

ஐம்பத்தொன்பது வயதில்தான் அவருக்கு ஒரு முழு மெஷினைத் தன் இஷ்டப்படி வரைகிற வாய்ப்பு வந்தது. ஆலையின் முதலாளியம்மா மிஸ் ஹார்கோர்ட் ஒரு பிப்ரவரி காலையில் கூப்பிட்டு அனுப்பினார்.

"டெரன்ஸ், நம்ம மெஷின் வாங்குறவங்களுக்கெல்லாம் வயசாயிடுச்சு. கயித்தை இழுத்து ஸ்டார்ட் பண்ண முடியலைன்னு ஒவ்வொருத்தரா தோட்டத்தையே சிமென்ட் போட்டு மூடிட்டு வராங்க. எழுபத்தஞ்சு, எண்பது வயசுல சுலபமா ஓட்டுற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுங்க."

டெரன்ஸ் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. வயசானவர்கள் படுகிற பாட்டைத் தானே பட்டுப் பார்க்க வேண்டும் என்று முடிவு கட்டினார். அடுப்பிலிருந்து தட்டு எடுக்கிற தடித்த கையுறையை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டார். முழங்கால் மடங்காதபடி மர ஸ்கேலை வைத்துக் கட்டினார். மூக்குக் கண்ணாடியில் வெண்ணெய் தடவிக்கொண்டார். அப்படியே ஆலைக்குப் பின்னால் இருக்கிற புல்தரையில் இறங்கி, இருந்த மெஷின்களிலேயே பெரியதை அரைமணி நேரம் ஓட்டினார். ஒரு ரோஜாப் பாத்தி காலி. ஆலையின் பெயர்ப்பலகையில் ஓர் எழுத்தும் காலி.

மிஸ் ஹார்கோர்ட் ஜன்னலைத் திறந்து, "டெரன்ஸ், உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

"எனக்கு எண்பது வயசுங்க," என்றார் டெரன்ஸ், அவர் இருந்த திசைக்கு எதிர்த் திசையைப் பார்த்து.

அந்த அரைமணி நேரத்தில் கற்றுக்கொண்டதையெல்லாம் வைத்து மார்ச் மாதக் கடைசிக்குள் மெஷினை முடித்துவிட்டார். கயிறு கிடையாது, பேட்டரி. எடையைக் குறைக்கக் குறைக்க நல்லது என்று கண்ட கண்ட இடத்திலெல்லாம் இரும்பைக் கழற்றினார். அப்படிக் கழற்றும்போதுதான் பின்னால் உருளுகிற ரோலரையும் கழற்றி எறிந்தார். போகும்போது புல்லை ஒரு பக்கமும் திரும்பும்போது மறுபக்கமும் சாய்த்து, வெளிர்பச்சை கரும்பச்சை என்று மாறி மாறிக் கோடு விழவைப்பது அந்த ரோலர்தான். "நாலு கிலோ வெட்டியா ஒட்டிக்கிட்டு இருக்கு. வயசான காலத்துல கோடு எதுக்கு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இதில் விற்பனைப் பிரிவு தன் பங்குக்கு மெஷினுக்கு ஆரஞ்சு வர்ணம் அடித்து, 'பொற்காலம்' என்று பெயர் வைத்து, அதை முக்கால் அடி உயர எழுத்தில் ஒட்டி, பக்கத்தில் நரைத்த தலையோடு இரண்டு பேர் பல்லைக் காட்டுகிற படத்தையும் ஒட்டியது.

சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே. தேவாலயத்துக் கூடத்தில் புதன்கிழமைதோறும் தோட்டக் கழகம் கூடும். ஒன்பது பேர், கடைக்குட்டிக்கு எழுபத்துநாலு. அவர்களுக்கு ஐந்து மெஷின்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துக் கருத்து எழுத ஒரு படிவமும் கொடுத்தார் டெரன்ஸ். படிவங்கள் திரும்பி வந்தன. 'மிக அழகான இயந்திரம்' என்று எழுதியிருந்தார் மிஸஸ் ஃபென். 'அருமை' என்று நாலு பேர். ஓய்வு பெற்ற பாதிரியார் ஸ்பால்டிங் மட்டும் சற்று விரிவாக, 'மறக்க முடியாத அனுபவம்' என்று எழுதியிருந்தார். டெரன்ஸ் அந்தப் படிவங்களை வீட்டுக்குக் கொண்டுபோய், கீழிருந்து வந்த மீன் வாசனைக்கு நடுவே உட்கார்ந்து மூன்று தரம் படித்தார்.

இங்கேதான் மனிதர் கோட்டைவிட்டார். வெளியூர்க்காரர் என்றால் மன்னிக்கலாம். பிறந்து வளர்ந்தது தோர்னிங்ஹாம். முடிவெட்டுகிறவர் காதுக்கு மேல் படிக்கட்டு வைத்து வெட்டினாலும் கண்ணாடியைப் பார்த்து "அருமை" என்று சொல்லி, கூலியும் கொடுத்து, வெளியே வந்ததும் தொப்பி வாங்கிப் போட்டுக்கொள்கிறவர் இவர். ஒரு பொருளைச் செய்தவன் முகத்துக்கு நேரே அதைக் குறை சொல்வதைவிட அந்த ஊர்க்காரர்கள் அந்தப் பொருளுக்கு அடியிலேயே மாட்டிக்கொண்டு கிடப்பார்கள். இதெல்லாம் டெரன்ஸுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் நாம் பெற்ற பிள்ளையைப் பிறர் புகழும்போது யாருக்குத்தான் சந்தேகம் வருகிறது?

மே மாதம் பிறந்த முதல் வாரத்தில், பேட்டரியைச் சரிபார்ப்பதற்காக, மெஷின் வாங்கிப்போன கழகத்துக்காரர்களில் ஒருவரான மிஸஸ் எனிட் தர்லோவின் வீட்டுக்குப் போனார். தேவாலயத்துக்குப் பின்சந்தில் கடைசி வீடு. மிஸஸ் தர்லோவுக்கு எண்பத்தொன்று. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு பரிமாறியவர். முந்நூறு பிள்ளைகளை ஒரு கரண்டியை உயர்த்தியே அடக்கி வைத்தவர் என்று பேர். இப்போது அந்த மணிக்கட்டுகள் இரண்டும் வீங்கி, தேநீர்க் கோப்பையைக்கூட இரண்டு கையாலும் ஏந்தித்தான் குடிப்பார்.

"வாப்பா டெரன்ஸ். உன் மெஷின் தினமும் ஓடுது. அருமையா ஓடுது," என்றார் மிஸஸ் தர்லோ.

அவர் நின்றது புல்தரையின் நடுவில். புல் அவருடைய கணுக்காலைத் தாண்டியிருந்தது. செருப்பு போட்டிருக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. டெரன்ஸ் புல்லைப் பார்த்தார். மிஸஸ் தர்லோவும் புல்லைப் பார்த்தார்.

"ரெண்டு நாளா மழை பாரு. அதான் கொஞ்சம்," என்றார்.

மழை பெய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. டெரன்ஸ் தோட்டத்துக் கொட்டகைக் கதவைத் திறந்தார். பொற்காலம் ஒரு பழைய ஜன்னல் திரையை முக்காடு போட்டுக்கொண்டு மூலையில் நின்றது. மெல்லச் சாய்த்துப் பார்த்தார். கத்தியில் ஒரு புல் துணுக்குகூட ஒட்டியிருக்கவில்லை. ஆலையிலிருந்து போன அன்றைய எண்ணெய்ப் பளபளப்பு அப்படியே இருந்தது.

"மிஸஸ் தர்லோ," என்று இழுத்தார்.

"மெஷின் மேல ஒரு குத்தமும் இல்லப்பா," என்றார் அவர் அவசரமாக. "என் கைதான் உதவாது. உன் மெஷினுக்கு ஏத்த கிழவியா நான் இல்ல, அவ்வளவுதான்."

அந்தச் சொல் டெரன்ஸுக்கு எங்கே போய்த் தைத்தது என்று கேட்காதீர்கள். ஒரு மெஷினைச் செய்து கொடுத்துவிட்டு, அதற்கு ஏற்ற கை தனக்கு இல்லையே என்று ஒரு மனுஷியை வெட்கப்பட வைப்பதற்கா முப்பத்தெட்டு வருஷம்?

தேநீர் குடிக்கும்போதுதான் மிச்சமும் வெளியே வந்தது. மகன் கிரகாம் லண்டனில் இருக்கிறார். மாதக் கடைசியில், நாட்டுக்கே விடுமுறையான பேங்க் லீவு திங்கட்கிழமையன்று வருகிறார். அதற்கடுத்த புதன்கிழமை ஆள் வந்து புல்லைச் செதுக்கிவிட்டுப் பிளாஸ்டிக் புல் விரிப்பதாக ஏற்பாடு.

"அவன் வீட்டுல அதைத்தான் விரிச்சிருக்கான். வேக்குவம் கிளீனர் போட்டுப் பெருக்குறான்பா, ஹால்ல பெருக்குற மாதிரி. நான் ஒத்துக்கல. சண்டை போட்டோம். கடைசியில, நீ ஒத்த ஆளா, வேற யாரும் கை வைக்காம, முழுத் தரையையும் ஒரு தரம் வெட்டிக் காட்டு, நான் வாயைத் திறக்கலைன்னான். நானும் வீம்புக்குச் சரின்னுட்டேன்."

"பக்கத்து வீட்டுல யாரையாவது..."

"பக்கத்து வீட்டுக்காரன் வெட்டினா அது பக்கத்து வீட்டுப் புல்லு." மிஸஸ் தர்லோ கோப்பையைக் கீழே வைத்தார். "காலையில எழுந்து திரையை விலக்கினா கறுப்புக் குருவி ஒண்ணு வந்து புழு இழுக்கும். அதைப் பார்த்துட்டுத்தான் டீ வைக்கப் போவேன். பிளாஸ்டிக்ல எங்கேர்ந்து புழு வரும்? அது போச்சுன்னா நான் எதைப் பார்க்க எழுந்திரிக்கிறது, சொல்லு."

மெஷினில் என்னதான் கோளாறு என்று டெரன்ஸ் இன்னும் நாலு விதமாகக் கேட்டுப் பார்த்தார். நாலு தரமும் "அருமையான மெஷின்" என்றுதான் பதில் வந்தது. மிச்சம் நாலு வாரம்கூட இல்லை.

அந்த வாரப் புதன்கிழமைக் கூட்டத்துக்கும் போனார். மற்ற நாலு மெஷின்களின் கதையும் இதேதானோ என்ற பயம். ஆனால் எப்படிக் கேட்பது? கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் புகழ்வார்கள். மிஸஸ் ஃபென் காபி கேக் செய்து கொண்டு வந்திருந்தார். ஆளுக்கு ஒரு துண்டு. "அற்புதம்," என்றார் பாதிரியார். "எப்படித்தான் இவ்வளவு மிருதுவா வருதோ," என்றார் இன்னொருவர். கெட்டிலில் தண்ணீர் பிடிக்க மிஸஸ் ஃபென் உள்ளே போய்க் கதவு சாத்தியதுதான் தாமதம்.

"கோயில் மதில்ல ஒரு ஓட்டை இருக்கு. இதைக் குழைச்சு அடைச்சா நூறு வருஷம் நிக்கும்," என்றார் பாதிரியார்.

"எனக்கு ஒரு பல்லு ஆடுது."

"காபி போட்டாங்களா, காபிக் கொட்டையவே போட்டாங்களா?"

கதவு திறந்தது. "இன்னொரு துண்டு கிடைக்குமா?" என்று தட்டை நீட்டினார் பாதிரியார்.

டெரன்ஸ் வாயில் கேக்கோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஆனால் மூளையில் விளக்கு எரிந்தது. செய்தவன் அங்கே இருக்கக் கூடாது. அவ்வளவுதானே விஷயம்?

சனிக்கிழமை ஆலைக்குப் போய் ஒரு பொற்காலத்தின் எழுத்தையும் படத்தையும் சுரண்டி எடுத்தார். ஆரஞ்சின் மேல் கரும்பச்சை அடித்தார். அடுத்த புதன்கிழமை அதைக் கூடத்துக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இது நம்ம மெஷின் இல்லீங்க. ஆத்துக்கு அந்தப் பக்கத்துல ஒரு கம்பெனி புதுசா பண்ணினது. எங்க முதலாளியம்மா ரகசியமா வாங்கிட்டு வந்திருக்காங்க. சும்மா ஒரு பார்வை பாருங்க," என்றார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் நார்ஃபோக் மாவட்டம். இந்தப் பக்கம் சஃபோக். நடுவில் ஓடுகிற தண்ணீர் கோடையில் முழங்கால் ஆழம்தான். ஆனாலும் அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு உருளைக்கிழங்கு வேகவைக்கத் தெரியும் என்றுகூட இந்தப் பக்கத்தில் யாரும் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. பாதிரியார் ஸ்பால்டிங் மெஷினைச் சுற்றி வந்து குனிந்து ஏதோ பார்த்தார். நிமிர்ந்து மிஸஸ் தர்லோவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இதைப் பண்ணினவன் யாரு, பூட்டு செய்யறவனா? இந்தக் கம்பியை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே போகணும். விட்டா நின்னுடுது. எனக்கு நடுவுல மூக்கு அரிச்சா நான் என்ன பண்றது?"

"பேட்டரியைக் கழட்ட இந்தக் கிளிப்பை அமுக்கணுமாம். இதுக்கு நகம் வேணும். அதுவும் இருபது வயசு நகம்," என்றார் மிஸஸ் ஃபென்.

"புல்லுப் பெட்டி நிறைஞ்சா தூக்க ரெண்டு பேர் வேணும்."

"உசரத்தை மாத்துற நெம்புகோல் சக்கரத்துக்குப் பக்கத்துல இருக்கு பாருங்க," என்றார் பாதிரியார் மறுபடியும். "மண்டி போட்டு மாத்தணும். மண்டி போடுறது எனக்கு ஆயுசுக்கும் பழக்கம். எழுந்திரிக்கிறதுக்குத்தான் ஆள் வேணும்."

டெரன்ஸ் நோட்டில் கிறுக்கிக்கொண்டே வந்தார். காதெல்லாம் சிவந்துபோயிற்று. மிஸஸ் தர்லோ அதுவரை வாயைத் திறக்கவில்லை. மெதுவாக மெஷினுக்குப் பின்னால் போய் நின்றார்.

"ரோலர் எங்க?"

"எடை குறையட்டும்னு எடுத்திருப்பாங்க போல," என்றார் டெரன்ஸ். "வயசானவங்களுக்கு..."

"வயசானவங்களுக்கு என்ன? கோடு வேண்டாமா?" முந்நூறு பிள்ளைகளை அடக்கிய குரல் அது. "புல்லு எதுக்கு வெட்டுறோம்? வெட்டி முடிச்சு, டீயைக் கையில வெச்சுக்கிட்டு, வாசப்படியில நின்னு அந்தக் கோட்டைப் பார்க்கத்தானே? கோடு இல்லாம வெட்டுன்னு சொல்றது, சோத்தை மென்னுட்டுத் துப்புன்னு சொல்ற மாதிரி இருக்கு. சாகிற வரைக்கும் ஏதோ கையைக் காலை ஆட்டிக்கிட்டு இருக்கட்டும்னு பண்ணின மெஷின் இது. இதைப் பண்ணினவன் ஒரு சாண் புல்தரைகூட இல்லாதவனாத்தான் இருப்பான்."

ஒன்பது பேரும் அடங்கும்போது நோட்டில் நாற்பத்தொரு குறை ஏறியிருந்தது. டெரன்ஸ் நன்றி சொல்லிவிட்டு மெஷினை வேனில் ஏற்றினார். வேனில் உட்கார்ந்து, மிளகு போட்ட இறைச்சி வைத்துச் சுட்ட சாசேஜ் ரோல் ஒன்றைப் பிரித்து ஒரு கடி கடித்தார். பிறகு அழுதார். கேட்டால் மிளகு கண்ணில் பட்டது என்பார், நம்ப வேண்டாம். கையுறையையும் மர ஸ்கேலையும் கட்டிக்கொண்டு வயோதிகத்தையே கரைத்துக் குடித்துவிட்டதாக நினைத்திருந்தார் அல்லவா, அந்த வெட்கம்தான். மணிக்கட்டும் முழங்காலும் பலவீனமானால் ஆசையும் அதோடு சேர்ந்து பலவீனமாகிவிடும் என்று யார் இவருக்குச் சொன்னது? அழுது முடித்து மிச்ச ரோலையும் சாப்பிட்டுவிட்டு நேரே மிஸ் ஹார்கோர்ட்டின் அறைக்குப் போனார்.

"ரோலர் திரும்ப வரணும்."

"எடை கூடுமே டெரன்ஸ்."

"உள்ளே காலியா இருக்கிற ரோலர். மோட்டாரே அதைச் சுத்தட்டும். அது மெஷினை இழுத்துக்கிட்டுப் போகும், தள்ளவே வேண்டாம். எடை இருந்தா என்ன, எடை யார் கையில ஏறப்போகுது?"

மிஸ் ஹார்கோர்ட் யோசித்தார். "பேரு? பொற்காலம்னே இருக்கலாம் இல்லையா?"

"கொட்டகைக்குள்ள முக்காடு போட்டு வெச்சிருக்காங்கங்க. பேரே வேண்டாம்."

அன்று மத்தியானம் விற்பனைப் பிரிவில் இரண்டு பேர் சாப்பிடவில்லை என்று கேள்வி. டெரன்ஸ் பதினாறு நாள் ஆலையே கதி என்று கிடந்தார். இறுக்கிப் பிடிக்கிற கம்பியை எடுத்துவிட்டு, உள்ளங்கையைச் சும்மா சாய்த்தாலே போதும் என்கிற மாதிரி அகலமான பட்டை ஒன்றை வைத்தார். எந்தக் கை வைத்தாலும் மோட்டார் ஓடும், இரண்டு கையும் வைத்தால் மெஷின் நகரும். இரண்டு கையையும் எடுத்தால்தான் மோட்டார் நிற்கும். பெரிய புல்பெட்டி இரண்டு சின்னப் பெட்டியாயிற்று. நெம்புகோல் இடுப்பு உயரத்துக்கு ஏறிவந்தது. நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டைத் தீர்த்துவிட்டு, பேங்க் லீவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை கரும்பச்சை மெஷினை மிஸஸ் தர்லோ வீட்டு வாசலில் இறக்கினார்.

மிஸஸ் தர்லோ சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பின்னால் குனிந்து ரோலரை ஒரு விரலால் உருட்டிப் பார்த்தார்.

"ஆத்துக்கு அந்தப் பக்கத்துக்காரங்க திருத்திட்டாங்களா?"

"ஆமாங்க," என்றார் டெரன்ஸ்.

"நாங்க சொன்னதையெல்லாம் காதுல போட்டுக்கிட்டாங்களா?"

"எழுதியே வெச்சுக்கிட்டாங்க."

மிஸஸ் தர்லோ நிமிர்ந்தார். "அன்னைக்குச் சக்கரத்துக்குப் பின்னாடி பச்சை சரியா ஏறல. ஆரஞ்சு தெரிஞ்சுது. பாதிரியார்தான் முதல்ல பார்த்துட்டு எனக்குக் கண்ணைக் காட்டினார்."

டெரன்ஸுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் மறுபடி காது சிவந்தது. "அப்போ எல்லாருக்கும் தெரியுமா? புல்தரை இல்லாதவன்னு நீங்க சொன்னது..."

"மீன் கடை மாடியில என்ன முளைக்கும்னு ஊருக்கே தெரியும்பா. உன் மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொல்றதுன்னு ஒரு மாசமா எங்களுக்குத் தூக்கம் இல்ல. நீயே ஒரு வழி பண்ணிக் குடுத்த. பிடிச்சுக்கிட்டோம்." பிறகு, "திங்கக்கிழமை நீயும் வா. தூரமா நில்லு. கை வைக்காத," என்றார்.

ஞாயிறு பூராவும் மழை. திங்கட்கிழமை பதினொரு மணி வரைக்கும் தூறல் விடவில்லை. ஈரப் புல் கத்தியில் அப்பிக்கொண்டால் எந்த மெஷினும் திணறும். கிரகாம் வந்து இறங்கும்போது டெரன்ஸ் வேலியோரம் நின்று ஆகாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரகாம் ஐம்பத்தைந்து வயதுக்காரர், பருத்த உடம்பு. சண்டைக்காரர்போல இல்லை. களைத்தவர்போல இருந்தார். அம்மா அவரை முத்தமிட்டுவிட்டு உள்ளே தொப்பி எடுக்கப் போனதும் டெரன்ஸ் பக்கம் வந்தார்.

"நான் வில்லன் இல்லீங்க. போன அக்டோபர்ல பழைய மெஷினோட கயித்தை இழுத்து மல்லாக்க விழுந்துட்டாங்க. முக்கால் மணி நேரம் புல்லுலயே கிடந்தாங்க. தபால்காரர் பார்த்துத்தான் தூக்கிவிட்டார். அதை உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க."

சொல்லவில்லை. தான் செய்தது தவறிப்போனால் போகப்போவது புல் மட்டும் இல்லையே என்று டெரன்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒரு மணிக்கு வெயில் வந்தது. இரண்டு மணிக்குப் புல் காய்ந்தது. மிஸஸ் தர்லோ தொப்பியை அழுத்திக்கொண்டு வந்து, நெம்புகோலை உயர்த்தி வைத்து, முழுத் தரையையும் முதலில் மேலோட்டமாக ஒரு தரம் வெட்டினார். கால்மணி உட்கார்ந்து எழுந்தார். பிறகு நெம்புகோலைத் தாழ்த்தி, வேலி ஓரத்தில் மெஷினை நேராக நிறுத்தி, தூரத்தில் ஆப்பிள் மரத்தின் அடியைக் குறிவைத்துக் கொண்டு நடக்க ஆரம்பித்தார். மெஷின் அவரை இழுத்துக்கொண்டு போயிற்று. திரும்பினார். வந்தார். பின்னால் இரண்டு கோடு, ஒன்று வெளிறி, ஒன்று கறுத்து.

எட்டுக் கோடு ஆயிற்று. ஒன்பதாவதின் நடுவில் நின்றுவிட்டார். கிரகாம் கையிலிருந்த கோப்பையை மதில்மேல் வைத்துவிட்டு ஓர் அடி எடுத்து வைத்தார். டெரன்ஸ் அவர் சட்டைக்கையைப் பிடித்தார். முன்பின் தெரியாத ஒருவரை அவர் தொட்டது ஆயுசில் அதுதான் முதல் தடவை.

"கொஞ்சம் பொறுங்க."

மிஸஸ் தர்லோ வலது உள்ளங்கையைப் பட்டையில் சாய்த்து வைத்தபடி இடது கையை நன்றாக உதறினார். விரல்களை விரித்து மடக்கினார். கை மாற்றி மற்றதையும் உதறினார். மெஷின் அணையாமல் நின்ற இடத்திலேயே முனகிக்கொண்டிருந்தது. பிறகு இரண்டு கையையும் வைத்து நடந்தார். டெரன்ஸ் சட்டையை விட்டார். கசங்கிப் போயிருந்தது.

கடைசி வரிசையை முடித்துத் திரும்பும்போது மணி நாலு. மிஸஸ் தர்லோ முகம் பீட்ரூட் மாதிரி சிவந்திருந்தது. யாரையும் பார்க்கவில்லை. நேரே வாசற்படிக்குப் போய் நின்று, திரும்பி, தன் தரையைப் பார்த்தார். "டீ," என்று மட்டும் சொன்னார். டெரன்ஸ் ஓடிப்போய்க் கொண்டு வந்தார். மிஸஸ் தர்லோ அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

கிரகாம் போனை எடுத்தார். பிளாஸ்டிக் புல்காரரின் நம்பர் போலிருக்கிறது.

"புதன்கிழமை வர வேண்டாம்... இல்ல, தேதி மாத்தல. வேண்டவே வேண்டாம்." அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேள்வி. "எங்கம்மா வெட்டிட்டாங்க... எண்பத்தொண்ணு... இல்லீங்க, ஒத்த ஆளா. நான் பார்த்துக்கிட்டு நிக்கிறேன்." போனை வைத்துவிடுவார் என்று டெரன்ஸ் நினைத்தார். கிரகாம் வைக்கவில்லை. "கோடு போட்டிருக்காங்க," என்றார். "பதினாலு. பதினாலும் நூல் பிடிச்ச மாதிரி."

"ஒம்பதாவது கோணல்," என்று வாசற்படியிலிருந்து குரல் வந்தது. மிஸஸ் தர்லோ நேராக டெரன்ஸின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "நின்னு கிளம்பும்போது உன் மெஷின் இடது பக்கம் இழுக்குது."

"சரி பண்ணிடலாங்க," என்றார் டெரன்ஸ். சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு.

கிரகாம் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, ஷூவை ஒவ்வொன்றாகக் கழற்றிப் படியோரம் வைத்துவிட்டு, ஒன்பதாவது கோட்டைப் பார்க்கப் புல்லில் இறங்கினார்.